யாருக்கோ எழுதிய கடிதம்

(ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ராமகுப்பத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

சபைகளில் நான் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. "தினமும் வேதம் வாசிக்கிறேன் ஐயா, ஆனால் எனக்கென்று அது ஒன்றும் பேசுவதில்லை" என்பார்கள். "இன்று காலை வாசித்த வசனம் எனக்காகவே எழுதினதுபோல் இருந்தது" என்று கண்கலங்கிச் சொல்கிறவர்களும் அதே சபையில் இருப்பார்கள். இரண்டு பேர் திறப்பதும் ஒரே புத்தகம்தான். ஒருவருக்குப் பேசுகிறது, இன்னொருவருக்குப் பேசுவதில்லை. இதற்கு விசுவாசக் குறைவைக் காரணமாகச் சொல்லிக் கைகழுவிவிடுவது எளிது. எனக்கு அதில் சம்மதமில்லை. குறை பெரும்பாலும் வாசிக்கிற முறையில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி அடித்து, ஜெபம் முடிந்து, புதுவருஷ வாழ்த்துச் சொல்லி, வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம். அதில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்கு நம் வசனம். அதை வேதாகமத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்துகிற பாட்டிகளை எனக்குத் தெரியும். அந்த அன்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த அட்டைகளில் மிக அதிகமாக அச்சாகிற வசனங்களில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். எரேமியா 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். உங்களைக்குறித்து நான் வைத்திருக்கிற எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்கிற இடம். காலண்டரில் இருக்கிறது, ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கிறது, வாசல் நிலைக்கு மேலேயும் இருக்கிறது. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கும், ஆபரேஷனுக்குப் போகிற தகப்பனுக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

அந்த அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து வாசித்தால் அது ஒரு கடிதம் என்று தெரியும். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் ராஜாவையும் அதிகாரிகளையும் தச்சர்களையும் கொல்லர்களையும் தூக்கிக்கொண்டு போனான். சொந்த ஊரை விட்டுத் தூரதேசத்தில் தவித்துக்கொண்டிருந்த அந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷத்தில் எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள் என்று தேவாலயத்தில் நின்று சொன்னான். கேட்கிறவர்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ எழுபது வருஷம் என்று எழுதினார். எழுபது வருஷம் என்றால் என்ன பொருள்? கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் யாரும் திரும்பப் போவதில்லை. ஆகவே அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் வாழ்கிற அந்த அந்நியப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். இவ்வளவும் சொன்ன பிறகுதான் சமாதானத்துக்கான எண்ணங்கள் என்ற அந்த வசனம் வருகிறது.

இப்போது அந்த வசனம் நம்மைவிட்டுத் தூரமாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் பிடித்துக் கட்டட வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போகிற பிள்ளைகள் இந்த மண்டலத்தில் எத்தனை பேர்! சிலர் இரவே திரும்பிவிடுகிறார்கள். சிலர் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, "ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு வந்துடுறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு வருஷம் என்பது அனனியாவின் கணக்கு. அது பலமுறை பத்தாகிறது, இருபதாகிறது. இருக்கிற இடத்தில் மனதை ஊன்றாமல், "இது நம்ம ஊர் இல்லை" என்று நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறவனுக்கு எரேமியாவின் கடிதம் அட்டையில் இருக்கிற வசனத்தைவிட மிகப் பெரிய செய்தியைக் கொண்டுவருகிறது. நீ இருக்கிற இடத்திலும் உனக்குத் தேவன் இருக்கிறார், அங்கே ஒரு செடி நடு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நல்லது நினை என்கிறது. சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் அது சொல்லவில்லை. யாருக்கு எழுதியது என்று முதலில் கேட்டதால்தான் நமக்கு எப்படி வருகிறது என்று பார்க்க முடிந்தது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு உதாரணங்கள்.

வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. இயேசுவை வனாந்தரத்தில் சோதித்தவன் எதை வைத்துச் சோதித்தான்? வேதவசனத்தை வைத்துத்தான். தேவாலயத்து உப்பரிகையின் மேல் நிறுத்தி, 91ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தத்தை எடுத்துச் சொல்லி, கீழே குதி என்றான். வசனம் சரிதான், அதை வைத்துக் கேட்டது சரியில்லை. இயேசு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தால் பதில் கொடுத்தார். வேதத்தை வேதத்தோடு வைத்துப் பார்த்தார். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். எனக்கு வேண்டியதை என் வேதாகமம் சொல்லும்படி செய்ய என்னாலும் முடியும் என்ற பயம்.

இந்த ஊருக்கும் இந்தப் புத்தகத்துக்கும் இருக்கிற உறவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசைப்படுகிறேன். ஏனென்றால் ராமகுப்பத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்குச் சில பக்கங்கள் திறக்கிற அளவுக்குப் பட்டணத்தில் வாசிக்கிறவருக்குத் திறப்பதில்லை.

கோலார் தங்கவயல் நமக்கு அடுத்த வீடு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கவேலையைத் தொடங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை, வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் தமிழ் பேசுகிற ஏழை ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே அண்டர்கிரவுண்டில் பல வருஷம் வேலைசெய்த ஒரு பெரியவருக்கு யோபு புத்தகத்தின் 28ஆம் அதிகாரத்தை ஒருநாள் வாசித்துக் காட்டினேன். யோபுவின் துக்கத்துக்கு நடுவே திடீரென்று ஒரு சுரங்கம் வருகிற அதிகாரம் அது. வெள்ளி எங்கே கிடைக்கிறது, பொன் எங்கே சுத்தமாகிறது என்று தொடங்கி, மனுஷன் இருட்டின் எல்லைவரைக்கும் தேடிப் போவதையும், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் கயிற்றில் தொங்கி ஆடுவதையும், மலையை வேரோடு புரட்டுவதையும், பாறையை வெட்டி வழி செய்வதையும், கசிகிற தண்ணீரை அடைப்பதையும் வரிசையாகச் சொல்கிறது. பருந்தின் கண்ணுக்கும் தெரியாத பாதை என்கிறது. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இதை எழுதினவர் கீழே இறங்கினவர் ஐயா. மேலே நின்னு பார்த்தவருக்குத் தண்ணி கசியுறது தெரியாது" என்றார்.

யோபு 28க்கு நான் வாசித்த விளக்கவுரை எதிலும் இந்த வரி இல்லை. அதோடு அந்த அதிகாரம் நிற்கவுமில்லை. இவ்வளவு ஆழம் தோண்டி மனுஷன் பொன்னை எடுத்துவிடுகிறான், ஞானத்தை எங்கே தோண்டி எடுப்பான் என்று கேட்கிறது. என்னிடத்தில் இல்லை என்கிறது ஆழம். என்னிடத்திலும் இல்லை என்கிறது சமுத்திரம். கர்த்தருக்குப் பயப்படுவதே ஞானம் என்ற முடிவை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் மூன்று கிலோமீட்டர் இறங்கி, இன்னொருவருடைய பொன்னை வெட்டி மேலே அனுப்பி, நெஞ்சில் தூசியோடு ஓய்வு பெற்று, இப்போது சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் ஓரத்தில் குடியிருக்கிற ஒருவர் "ஆழத்தில் அது இல்லை" என்ற பதிலைக் கேட்பது வேறு. அதை அவருக்கு யாரும் பிரசங்கித்துப் புரியவைக்க வேண்டியதில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கை அந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே போய்வந்திருக்கிறது.

அடுத்தது ஆபகூக். மூன்றே அதிகாரம் உள்ள சின்னப் புத்தகம். அத்திமரம் துளிர்க்காமல், திராட்சைச் செடியில் பழமில்லாமல், ஒலிவமரம் ஏமாற்றி, வயல் விளையாமல், கிடையில் ஆடும் தொழுவத்தில் மாடும் இல்லாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று முடிகிற புத்தகம். மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் பாட்டாகவும் பாடுகிறோம். ராயலசீமையில் இதைப் பாடுவது லேசான காரியமில்லை. போர் போட்டுத் தண்ணீர் வராமல் வட்டி கட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். மதனப்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த அன்று வண்டிக்கூலிக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டுப்புழுவுக்கு நோய் வந்து தட்டோடு எடுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கி ஒரே ராத்திரியில் தோட்டத்தை மிதித்துவிட்டுப் போக, விடியற்காலையில் வரப்பில் நின்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், "ஆபகூக் சொன்னபடி மகிழ்ச்சியாயிரு" என்று சொல்லிவிட்டு வருவது கொடுமை. சில ஊழியர்கள் இதைச் செய்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆபகூக் அங்கே தொடங்கவில்லை. முதல் அதிகாரத்தில் அவர் தேவனோடு வழக்காடுகிறார். எவ்வளவு காலம் நான் கூப்பிடுவேன், நீர் கேளாமல் இருப்பீர் என்று நேருக்கு நேர் கேட்கிறார். பதில் வருகிறது. பாபிலோனியர் வருவார்கள் என்ற அந்தப் பதில் கேள்வியைவிட மோசமாக இருக்கிறது. அவர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களைவிடக் கெட்டவனை வைத்து எங்களைத் தண்டிப்பது என்ன நியாயம் என்று மறுபடி கேட்கிறார். கேட்டுவிட்டுக் காவற்கோபுரத்தின்மேல் நின்று காத்திருக்கிறார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் என்ற வார்த்தை அந்தச் சண்டைக்கும் காத்திருப்புக்கும் பிறகு அவர் வாயிலிருந்து வந்தது. முதல் அதிகாரத்தைத் தாண்டிக் குதித்து மூன்றாம் அதிகாரத்துக்குப் போகிறவனுக்கு வாயில் பாட்டு இருக்கும், நெஞ்சில் ஒன்றும் இருக்காது. நட்டம் பட்ட விவசாயிக்கு இன்று தேவைப்படுவது முதல் அதிகாரம். அவனை அங்கே இருக்க விடுங்கள். மூன்றாம் அதிகாரத்துக்கு அவன் வருகிற நாளில் வரட்டும்.

சங்கீதப் புத்தகமும் இப்படித்தான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பெரும்பாலும் புலம்பித் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதற்கு ஆறுதலாக ஒரு கடைசி வசனத்தைச் சேர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் "எனக்கு ஜெபிக்க வரவில்லை" என்று சொன்னால், 88ஐத் திறந்து கையில் கொடுங்கள். அவளுடைய ஜெபம் அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

கிறிஸ்தவராகாதவர்களும் இந்தப் புத்தகத்தில் தங்களுக்கானதைக் கண்டிருக்கிறார்கள். காந்தியடிகள் லண்டனில் சட்டம் படித்தபோது ஒரு நண்பரின் வற்புறுத்தலால் வேதாகமத்தை வாங்கி வாசிக்கத் தொடங்கினார். ஆதியாகமம் தாண்டினதும் தூக்கம் வந்தது, எண்ணாகமம் பிடிக்கவே இல்லை என்று சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே மனிதருக்கு இயேசுவின் மலைப்பிரசங்கம் நேராக நெஞ்சில் இறங்கியது. அதோடு இன்னொன்றும் எழுதுகிறார். சிறுவயதில் மனதில் பதிந்த ஷாமள் பட்டின் குஜராத்திச் செய்யுள் உடனே நினைவுக்கு வந்ததாம். தீமைக்குப் பதில் நன்மை செய் என்பதை அவர் வீட்டுப் பாட்டு முன்பே சொல்லிவைத்திருந்தது. ஏற்கெனவே அங்கே ஒரு இடம் தயாராக இருந்ததால் வசனம் போய் உட்கார்ந்தது.

நம் தமிழிலேயே எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இருக்கிறார். 1827இல் திருநெல்வேலிப் பக்கத்தில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் ஜான் பனியனின் கதையைத் தழுவியது. ஆனால் காதில் ஒலிப்பது கம்பனைக் கேட்டு வளர்ந்தவரின் தமிழ். கிறிஸ்துவிடம் வந்தபோது தன் கம்பனை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தான் கேட்டு வளர்ந்த காதாலேயே சுவிசேஷத்தைக் கேட்டார்.

உங்கள் காதில் என்ன இருக்கிறது? சித்தூர் மாவட்டத்தில் தர்மராஜா கோயில் பாரதம் நடக்காத வருஷம் உண்டா? பகலில் கதை, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். நம் சபைகளில் பலர் அந்தக் கோயில் தெருவில் வளர்ந்தவர்கள்தான். இன்று அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறீர்கள். தயங்க வேண்டாம். பாரதம் கேட்டவனுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பல நாள் உட்கார்ந்து ஒரு கதையை முழுசாகக் கேட்கத் தெரியும். நல்லவனுக்குள் இருக்கிற பலவீனத்தைப் பார்க்கத் தெரியும். அந்தக் காதோடு சாமுவேலின் இரண்டு புத்தகங்களையும் வாசியுங்கள். தாவீது தன் பிள்ளைகளைக் கண்டிக்கத் தெரியாத தகப்பன். மகன் அம்னோன் செய்த அக்கிரமத்தைக் கேட்டுக் கோபப்பட்டதோடு சரி. இன்னொரு மகன் அப்சலோம் தகப்பனுக்கு எதிராகவே படை திரட்டினான், கர்வாலி மரத்தில் தலை மாட்டித் தொங்கிக் கொல்லப்பட்டான். வாசலின் மேல்வீட்டில் ஏறி, மகனே மகனே என்று அந்த ராஜா அழுதது 2 சாமுவேல் 18இன் முடிவில் இருக்கிறது. திருதராஷ்டிரனைத் தெரிந்தவனுக்கு அந்த அழுகையின் உள்ளே போக வழி தெரியும். பிள்ளைமேல் வைத்த பாசம் எங்கே தவறாகிறது என்று இரண்டு அரண்மனைகளும் காட்டுகின்றன. தகப்பன்மார்களே, தாவீது கோலியாத்தை வென்றதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுங்கள். நாம் இந்த இடத்தில் கொஞ்சம் தங்குவோம்.

நமக்கு இன்னொரு நிலைமையும் உண்டு. 1911வரை நாம் வடஆற்காடு, 1953வரை சென்னை மாகாணம், அதன்பின் ஆந்திரம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பாட்டி தமிழ் வேதாகமத்தை விரல் வைத்து வாசிப்பார். பேரனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது, தெலுங்கு வேதாகமத்தைத்தான் வாசிப்பான். இதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் இதை ஒரு வாய்ப்பாகப் பார்க்கிறேன். ஏனென்றால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனக்கான பொருளைத் தனியாக ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் தேட வேண்டும் என்பதில்லை. ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அதிகாரியை, ஆதிசபை ஊழியரான பிலிப்பு, புரிகிறதா என்று கேட்டார். ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று அந்தப் பெரிய மனிதர் வெட்கப்படாமல் சொல்லி, பிலிப்பைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். நெகேமியா 8இல் வேதபாரகர் எஸ்றா வேதத்தை விடியற்காலம் தொடங்கி நடுப்பகல்வரை நின்று வாசித்தார். லேவியர் ஜனங்களுக்கு நடுவே நின்று விளக்கினார்கள். ஜனங்கள் அழுதார்கள். அழாதீர்கள், போய் நன்றாகச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்றார்கள் தலைவர்கள். வேதம் புரிந்த ஒரு நாள் அந்த ஊரில் அப்படி நடந்தது. சாப்பாடும், பக்கத்து வீட்டுக்குப் போன தூக்கும் அதில் சேர்த்தி.

தென்னிந்தியாவில் வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டிய பைபிள் உமன்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்தச் சபை வரலாற்றிலும் இல்லை. திண்ணையைத் தாண்டி அடுப்படிவரை போய், கேட்கிறவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்கும்படி வாசித்தவர்கள். வேலை செய்கிற கையை நிறுத்தச் சொல்லாமல் வாசித்தார்கள். எழுத்து தெரியாதவளுக்கும் சொந்தமான பொருள் உண்டு என்று நம்பியவர்கள் அவர்கள்.

எல்லாப் பக்கமும் நமக்குப் பேசும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். 137ஆம் சங்கீதம் பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் அழுகிறவர்களின் பாட்டு. எரேமியாவின் கடிதத்தைப் பெற்றவர்களைப்போல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களின் துக்கம் அது. ஆனால் அதன் கடைசி வசனம் பச்சைக் குழந்தைகளைப் பற்றிச் சொல்வதை எந்தத் தாயும் சத்தமாக வாசிக்க மாட்டாள். அதை இனிப்பாக்கி விளக்குகிறவர்களை நான் நம்புவதில்லை. நொறுக்கப்பட்டவன் உள்ளத்தில் எவ்வளவு வெறுப்பு ஏறும் என்பதற்கு அது சாட்சி. அதற்குமேல் அங்கே எனக்கென்று ஆறுதல் எதையும் நான் தேடுவதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகப் பேசிய யோபுவின் சிநேகிதர்களைக் கர்த்தர் கடைசி அதிகாரத்தில் கண்டித்தார். சண்டையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்றார். ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரைக்கும் அந்தச் சிநேகிதர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த நான்கு ஞாயிறு மாலைகளில் இங்கே கூடுவோம். ரூத்தின் புத்தகம் நான்கு அதிகாரம், வாரத்துக்கு ஒன்று. ஒருவர் தமிழில் சத்தமாக வாசிக்கட்டும், அடுத்து ஒருவர் தெலுங்கில் வாசிக்கட்டும். எழுத்து தெரியாதவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். வாசித்து முடித்ததும் இது யாருக்கு, எந்தக் கஷ்டத்தில் நடந்தது என்று முதலில் பேசுவோம். நம் ஊரில் இது எங்கே நடந்திருக்கிறது என்பதைப் பிறகு பேசுவோம். ஒருவருக்குக் கிடைத்த பொருளை இன்னொருவர் திருத்த வேண்டாம். சபையைச் சேராதவர்களும் வாருங்கள், உங்கள் காதும் எங்களுக்கு வேண்டும். முதல் அதிகாரத்தில் 22 வசனம். ஊரில் பஞ்சம் வந்து, பிழைப்புத் தேடி ஒரு குடும்பம் எல்லை தாண்டிப் போவதிலிருந்து அது தொடங்குகிறது. பெங்களூரிலிருந்து அன்று ஊருக்கு வருகிற பிள்ளைகளையும் கையோடு அழைத்து வாருங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கிவிடுவோம்.